வளரிளம் பருவமும் தடுப்புப் பணியும்: ஆய்வுகள் நமக்குக் கற்பிப்பவை

ஆண்டுதோறும் ஜூன் 26-ஆம் நாள் உலகெங்கும் போதைப்பொருள் ஒழிப்பு தினமாக அனுசரிக்கப்படுகிறது. நம் நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் அன்று ஊர்வலம் நடைபெறும். மாணவர்கள் பதாகைகளை ஏந்தி வீதிவலம் வருவர். பெரியவர் ஒருவர் உரையாற்றுவார். இறுதியில் அனைவரும் வலக்கையை நீட்டி உறுதிமொழி ஏற்பர். ஆன்மிக இயக்கங்களின் கிளை மையங்களும் இதில் மனமுவந்து பங்கு கொள்கின்றன.

இவை யாவும் நல்லெண்ணத்தால் நடப்பவை, அதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. அன்று உறுதிமொழி ஏற்ற மாணவன், ஆறு மாதம் கழித்து, பள்ளிக்கு வெளியே நண்பன் நீட்டும் சிகரெட்டை மறுக்கிறானா? மறுப்பதற்கு அந்த ஒரு நாள் நிகழ்ச்சி அவனுக்குத் துணை புரிந்ததா? இதை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்டவர்கள் உலகில் இருக்கிறார்கள். கடந்த ஐம்பது ஆண்டுகளாக அவர்கள் பொறுமையுடன் கேட்டு, எண்ணி, ஒப்பிட்டுக் கண்டறிந்தவற்றுள் சில நமக்கு ஊக்கம் தருபவை; சில நம்மைச் சற்று நின்று யோசிக்க வைப்பவை. இளைஞர் பணியில் ஈடுபட்டுள்ள அன்பர்கள் அவற்றை அறிந்திருப்பது அவசியம்.

யார் இவர்கள்?

10 முதல் 19 வயது வரையுள்ள காலத்தை உலக சுகாதார நிறுவனம் வளரிளம் பருவம் என வரையறுக்கிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் இவ்வயதினர் ஏறத்தாழ 25 கோடி பேர். அதாவது ஐந்து பேரில் ஒருவர். இவர்களுக்கெனவே 2014-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் மத்திய அரசு 'ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய காரியக்ரம்' என்னும் நலத் திட்டத்தைத் தொடங்கியது.

புகையிலை, மது, போதைப்பொருள், கண்மூடித்தனமான வேகத்தில் வாகனம் ஓட்டுதல், வன்முறை, முறையற்ற பாலுறவு ஆகியவற்றை ஆய்வாளர்கள் 'இடர் நடத்தைகள்' என்று தொகுத்துக் கூறுகின்றனர். 'ரிஸ்க்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கும்போது ஓர் இடர்ப்பாடு எழுகிறது. சில இடங்களில் அது 'ஆபத்து' என்று பொருள்படும். வேறு சில இடங்களில் 'துணிதல்' என்று பொருள்படும். இந்த இரட்டைப் பொருளிலேயே ஓர் உண்மை மறைந்திருக்கிறது. யமனின் வாயிலில் மூன்று நாள் உணவின்றிக் காத்திருந்த நசிகேதன் ஒரு சிறுவன். புதியதை நாடுதல், எல்லையைத் தாண்டிப் பார்த்தல், பிறர் அஞ்சுவதற்கு அஞ்சாமை ஆகிய இளமையின் இயல்புகள் தம்மளவில் தீயவை அல்ல. அவை எத்திசையில் பாய்கின்றன என்பதே கேள்வி. தடுப்புப் பணி என்பது இந்த ஆற்றலை நசுக்குவதாக இருக்கலாகாது. அதற்குச் சரியான வாய்க்கால் வெட்டுவதாக இருக்க வேண்டும்.

அறிவு மட்டும் போதுமா?

இளைஞர்கள் ஆபத்தை அறியாததால்தான் தவறுகிறார்கள் என்பது நம்மில் பலரது எண்ணம். ஆகவே அறிவூட்டினால் போதும் என்று கருதுகிறோம். புற்றுநோயால் சிதைந்த வாயின் படத்தைக் காட்டுகிறோம்; நுரையீரல் கருத்துப்போவதை விவரிக்கிறோம்.

அமெரிக்க உளவியல் அறிஞர்களான வாலரி ரெய்னா, ஃபிராங்க் ஃபார்லி ஆகிய இருவரும் இத்துறையில் அதுவரை நடந்த ஆய்வுகளை 2006-ஆம் ஆண்டு விரிவாகத் தொகுத்து ஆராய்ந்தனர். அவர்கள் கண்டது வியப்புக்குரியது. வளரிளம் பருவத்தினர் பல ஆபத்துகளைக் குறைத்து மதிப்பிடுவதில்லை. உள்ளதைவிட அதிகமாகவே மதிப்பிடுகின்றனர். 'எனக்கு எதுவும் நேராது' என்ற நினைப்பும் பெரியவர்களைவிட அவர்களிடம் மிகுந்திருப்பதாகச் சொல்ல முடியவில்லை. அவர்கள் ஆபத்தை அறிகிறார்கள்; கூடவே அதில் கிடைக்கும் இன்பத்தையும் நண்பர் மதிப்பையும் அறிகிறார்கள்; இரண்டையும் தராசில் இட்டு நிறுத்துப் பார்க்கிறார்கள். 'ஒரே ஒரு முறைதானே? அதனால் கேடு வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு' என்று கணக்கிடுகிறார்கள். அந்த ஒரு முறையை மட்டும் எடுத்துக்கொண்டால் அக்கணக்கு பெரும்பாலும் சரியே! ஆனால் ஒவ்வொரு முறையும் அதே கணக்கைப் போடுகிறவன் நூறாவது முறைக்கும் வந்து சேர்கிறான்.

முதிர்ந்தவர் இவ்வாறு கணக்கிடுவதில்லை. தீ என்றால் கையை விலக்குவது போல, நிகழ்வின் சாரத்தை ஒரே பார்வையில் உணர்ந்து விலகிவிடுகிறார். சுறா மீன்களுடன் நீந்துவது நல்லதா என்று கேட்டால் பெரியவர் நொடியில் 'இல்லை' என்கிறார். வளரிளம் பருவத்தினர் அதே விடையைச் சொல்லச் சற்றே கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கின்றனர் என்று ஓர் ஆய்வு காட்டியது. அந்தச் சிறு தாமதம் யோசனையின்மையால் வருவதன்று. யோசனையின் மிகுதியால் வருவது.

இதிலிருந்து எழும் நடைமுறைப் பாடம் முக்கியமானது. புள்ளிவிவரங்களை அடுக்குவதால் மட்டும் பயனில்லை. ஏற்கெனவே ஆபத்தை மிகைப்படுத்தி எண்ணியிருந்த மாணவனுக்கு உண்மையான விகிதத்தைச் சொன்னால், 'இவ்வளவுதானா!' என்று அச்சம் குறையவும் கூடும். அவனுக்குத் தேவை, கணக்கிற்கு அப்பாற்பட்டுச் சட்டென்று எழும் ஒரு தெளிவு. 'இது எனக்கு உரியதன்று' என்ற எளிய, உறுதியான உணர்வு பலமுறை பழகிப் பழகி உள்ளத்தில் பதிய வேண்டும். நம் முன்னோர் இதை ஸம்ஸ்காரம் என்றனர்.

விருப்பமில்லாதிருந்தும் யாரோ வலிந்து இழுப்பது போல மனிதன் ஏன் பாவம் செய்கிறான் என்று கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் அர்ஜுனன் கேட்கிறான். அவன் 'எது தவறென்று தெரியவில்லை' என்று கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அறிவுக்கும் செயலுக்கும் இடையிலான பள்ளத்தைப் பற்றியே கேட்கிறான். தடுப்புப் பணி கட்ட வேண்டிய பாலம் அப்பள்ளத்தின் மீதுதான்.

தேரும் குதிரைகளும்

உடலைத் தேராகவும், புலன்களைக் குதிரைகளாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புத்தியைத் தேரோட்டியாகவும் உருவகிக்கிறது கடோபநிஷதம். இன்றைய மூளை ஆய்வு கூறுவது இவ்வுருவகத்தோடு ஓரளவு ஒப்பு நோக்கத்தக்கது. பருவமடையும் காலத்தில், இன்பத்தையும் பரிசையும் நாடும் மூளைப் பகுதிகள் விரைந்து கூர்மை பெறுகின்றன. நெற்றிக்குப் பின்னால் அமைந்து, திட்டமிடுதலையும் அடக்கத்தையும் ஆளும் முன்பகுதியோ இருபது வயதைக் கடந்த பின்னும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. குதிரைகள் முதலில் வளர்ந்துவிடுகின்றன. தேரோட்டி இன்னும் பயிற்சியில் இருக்கிறான். எனினும் உபநிஷதம் பேசுவது ஆன்ம விடுதலையைப் பற்றி. மூளை ஆய்வு பேசுவது உடற்கூற்றைப் பற்றி. ஒன்றை மற்றொன்றுக்குச் சான்றாக்குவது இரண்டுக்கும் நியாயம் செய்வதாகாது. புரிந்துகொள்ள உதவும் உவமையாக மட்டும் இதைக் கொள்வோம்.

இக்கருத்தை வளர்த்தவர்களுள் டெம்பிள் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் குறிப்பிடத்தக்கவர். அவரும் மார்கோ கார்ட்னரும் 2005-இல் வெளியிட்ட ஒரு சோதனையை நம் இளைஞர் பணியாளர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். 306 பேர் அதில் பங்கேற்றனர்: 13 முதல் 16 வயதினர், 18 முதல் 22 வயதினர், 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர் என மூன்று பிரிவினர். கணினித் திரையில் ஒரு காரை ஓட்ட வேண்டும். மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் எவ்வளவு தூரம் துணிந்து செல்கிறார்கள் என்பது கணக்கிடப்பட்டது. சிலர் தனியாக ஓட்டினர். சிலர் இரண்டு நண்பர்கள் அருகில் நிற்க ஓட்டினர்.

தனியாக இருந்தபோது மூன்று பிரிவினரிடையே பெரிய வேறுபாடு இல்லை. நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது நிலைமை மாறியது. முதிர்ந்தவர்களிடம் மாற்றமில்லை, இளைஞர்களின் துணிச்சல் ஏறக்குறைய பாதியளவு கூடியது, வளரிளம் பருவத்தினரிடம் அது ஏறத்தாழ இரு மடங்காயிற்று. நண்பர்கள் வற்புறுத்த வேண்டியதுகூட இல்லை. அவர்கள் பார்க்கிறார்கள் என்ற உணர்வே இதற்குப் போதுமானது என்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின.

ஸத்ஸங்கம் என்று நாம் போற்றுவதன் ஆழம் இங்கே விளங்குகிறது. எந்தச் சூழலில், யார் முன்னிலையில் ஒருவன் இருக்கிறான் என்பது அவனது அறிவைவிட வலிமையாக அவனை இயக்கக்கூடும். ஆகவே மாணவனின் மண்டைக்குள் எதைப் போடலாம் என்று மட்டும் யோசிக்கும் திட்டம் பாதித் திட்டமே. அவன் மாலை நான்கு மணி முதல் ஏழு மணி வரை எங்கே, யாருடன் இருக்கிறான் என்பதையும் அது யோசிக்க வேண்டும்.

நல்லெண்ணம் தீங்காகும்போது

இனி வருவது சற்றுக் கசப்பான பகுதி. சேவை செய்வோர் இதைத் தவிர்க்கலாகாது.

1970-களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள ராவே சிறையில் ஆயுள் கைதிகள் ஒரு திட்டத்தைத் தொடங்கினர. வழிதவறும் நிலையிலிருந்த சிறுவர்களைச் சிறைக்குள் அழைத்து வந்து, சிறை வாழ்வின் கொடுமையைக் கடும் சொற்களால் உணர்த்தினர். இது பற்றி 1978-இல் எடுக்கப்பட்ட ஆவணப் படம் ஆஸ்கார் பரிசும் பெற்றது. பல இடங்களில் இதே முறை பின்பற்றப்பட்டது. பின்னர் ஆய்வாளர்கள் முறையான ஒப்பீட்டுச் சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது, இத்தகைய திட்டங்களில் பங்கேற்ற சிறுவர்கள், பங்கேற்காதவர்களைவிட அதிகமாகவே குற்றங்களில் ஈடுபட்டிருந்தனர். அச்சுறுத்தல் பயன் தராதது மட்டுமன்று, தீங்கும் செய்தது.

1983-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொடங்கிய 'டேர்' திட்டத்தில் சீருடை அணிந்த காவலர்கள் வகுப்பறைக்கு வந்து போதைப்பொருளின் தீமைகளைக் கற்பித்தனர். பெற்றோர், ஆசிரியர், காவல் துறையினர் அனைவரும் அதை விரும்பினர். நாடெங்கும் அது பரவியது. ஆனால் 1994-இலும் 2004-இலும் வெளியான தொகுப்பாய்வுகள், போதைப் பழக்கத்தின்மீது அதன் பயன் மிக அற்பமானது என்று காட்டின. அந்நிறுவனம் பிற்காலத்தில் பாடத்திட்டத்தையே மாற்றிக்கொண்டது. பிழையை ஏற்றுத் திருத்திக்கொண்டது பாராட்டத்தக்கதே.

இவற்றுக்கெல்லாம் முந்தையது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939-இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்–சாமர்வில் ஆய்வு. 506 சிறுவர்கள் இணை இணையாகச் சேர்க்கப்பட்டனர். ஒவ்வோர் இணையிலும் ஒருவனுக்கு மட்டும் ஆலோசகர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் உதவினார்: வீட்டிற்குச் சென்று பார்த்தார், படிப்பில் உதவினார், மருத்துவம் பார்க்க ஏற்பாடு செய்தார், கோடை முகாமுக்கு அனுப்பினார். மற்றவனுக்கு எதுவும் செய்யப்படவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்னும் ஆய்வாளர் அவர்களைத் தேடிக் கண்டறிந்தார். 1978-இல் அவர் வெளியிட்ட முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. உதவி பெற்றவர்களில் மூன்றில் இரு பங்கினர் 'அத்திட்டம் எனக்குப் பயன்பட்டது' என்று நன்றியுடன் கூறினர். ஆனால் குற்றத்தைத் தொடர்தல், மதுப்பழக்கத்தின் அறிகுறி, நோய், இள வயது மரணம் ஆகிய பல அளவுகோல்களில் உதவி பெற்றவர்களின் நிலையே மோசமாக இருந்தது.

ஏன் இப்படி? உறுதியான விடை எளிதல்ல. எனினும் தாமஸ் டிஷனும் மெக்கார்டும் மற்றொருவரும் 1999-இல் ஒரு காரணத்தை முன்வைத்தனர். கேம்பிரிட்ஜ்–சாமர்வில் சிறுவர்களில் மீண்டும் மீண்டும் கோடை முகாமுக்கு அனுப்பப்பட்டவர்களிடமே தீங்கு மிகுந்து காணப்பட்டது. அவர்கள் ஆராய்ந்த வேறொரு திட்டத்திலும், சிக்கலுள்ள பிள்ளைகளை மட்டும் ஒன்றுசேர்த்துக் குழுவாக நடத்தியபோது, அவர்களிடையே புகையிலைப் பழக்கம் கூடியது. இத்தகைய குழுக்களில் ஒருவன் தான் செய்த விதிமீறலைச் சொல்கிறான்; மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பே பரிசாகிறது. நடத்துநர் முன்னால் நின்று நல்லொழுக்கம் போதிக்கிறார். பின்வரிசையில் வேறொரு பள்ளிக்கூடம் சத்தமின்றி நடந்துகொண்டிருக்கிறது.

இவ்வரலாற்றிலிருந்து மூன்று எச்சரிக்கைகளை நாம் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, பங்கேற்றோரின் நன்றியும் நற்சொற்களும் திட்டம் பயன்பட்டதற்குச் சான்றாகா. இரண்டு, அச்சமூட்டுதல் மருந்தாகாது. மூன்று, 'பிரச்சினையுள்ள பிள்ளைகளுக்கு மட்டும்' என்று தனி முகாம் நடத்துமுன் நூறு முறை யோசிக்க வேண்டும். அத்தகைய பிள்ளைகளை நல்ல பிள்ளைகள் நிறைந்த குழுவில் ஒருவர் இருவராகச் சேர்ப்பதே பாதுகாப்பானது.

பயன் தந்த முயற்சிகள்

கசப்பு போதும், இனிக் கனிகளைக் காண்போம். அவற்றுள் இரண்டு நம் நாட்டிலேயே விளைந்தவை.

முதலாவது 'மைத்ரி'. டெல்லியிலும் சென்னையிலும் நகருக்குப் பதினாறாக மொத்தம் 32 பள்ளிகளில், 2004 முதல் 2006 வரை இது நடைபெற்றது. ஆறாம், எட்டாம் வகுப்புகளில் பயின்ற மாணவர்களிடம் தொடங்கி ஈராண்டுகள் தொடர்ந்தது. எப்பள்ளியில் திட்டத்தை நடத்துவது, எப்பள்ளியை ஒப்பீட்டுக்கு வைப்பது என்பது குலுக்கல் முறையில் முடிவு செய்யப்பட்டது. வகுப்பறைச் செயல்பாடுகள், சுவரொட்டிகள், பெற்றோருக்கு அனுப்பப்பட்ட அஞ்சலட்டைகள், மாணவர்களே முன்னின்று நடத்திய பிரசாரம் என நான்கு வழிகளில் புகையிலைக்கு எதிரான பணி நடந்தது. வகுப்பறைச் செயல்பாடுகளைப் பெரிதும் நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற சக மாணவர்கள். ஈராண்டு முடிவில், திட்டம் நடவாத பள்ளிகளில் புகையிலைப் பயன்பாடு தொடக்க நிலையைவிட 68 சதவீதம் கூடியிருந்தது. திட்டம் நடந்த பள்ளிகளில் 17 சதவீதம் குறைந்திருந்தது. இவ்வாய்வு 2009-இல் வெளியாயிற்று. கார்ட்னர்–ஸ்டைன்பெர்க் சோதனையில் ஆபத்தைப் பெருக்கிய அதே நண்பர் ஆற்றல், இங்கே காவலாக மாறியதைக் காண்கிறோம்.

இரண்டாவது, பீகார் மாநிலம் நாலந்தா மாவட்டத்தில் நடந்த 'சேஹர்'. 74 அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 13,000-க்கும் மேற்பட்டோர் இதில் இடம்பெற்றனர். பள்ளிகள் மூன்று பிரிவாகக் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவில், பயிற்சி அளிக்கப்பட்ட உள்ளூர்வாசி ஒருவர் 'சேஹர் மித்ரா' என்ற பெயரில் பள்ளிக்கென்றே நியமிக்கப்பட்டுப் பணியாற்றினார். அவர் தொழில்முறை உளவியலாளர் அல்லர். இரண்டாம் பிரிவில் அதே பணியை அப்பள்ளி ஆசிரியர் ஒருவர் செய்தார். மூன்றாம் பிரிவில் வழக்கமான வகுப்புகள் மட்டும் நடந்தன.

மித்ரா செய்தவை எவை? காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேசினார். சுவர்ப் பத்திரிகை நடத்தச் செய்தார். மாணவர்கள் தம் மனக்குறைகளை எழுதிப் போட ஒரு பெட்டி வைத்தார். மாணவர் குழுக்களைக் கூட்டினார். தேவைப்பட்டோருக்குத் தனியே ஆலோசனை வழங்கினார். பள்ளியின் ஒட்டுமொத்தச் சூழலையே இனியதாக்குவது நோக்கம். 2018-இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவுகளின்படி, மித்ரா பணியாற்றிய பள்ளிகளில் பள்ளிச் சூழல் பெரிதும் மேம்பட்டது. மனச்சோர்வு, சக மாணவரைத் துன்புறுத்துதல், வன்முறை ஆகியவை குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. திட்டம் ஒன்றே, நடத்தியவர் வேறு, விளைவும் வேறு.

இதனால் ஆசிரியர்களைக் குறைகூற வேண்டியதில்லை. பாடச் சுமையும் நிர்வாகச் சுமையும் தாங்கும் ஒருவரிடம் மேலும் ஒரு பணியைக் கட்டிவிட்டால் அது கடைசி இடத்தையே பெறும். மேலும், மதிப்பெண் போடுபவரிடமும் தண்டிப்பவரிடமும் மாணவன் மனம் திறந்து பேசத் தயங்குவான். இதற்கென்றே நேரம் ஒதுக்கிய, அஞ்சாமல் அணுகத்தக்க ஒருவர் அவனுக்குத் தேவைப்படுகிறார். முதல் திட்டத்தின் பெயர் மைத்ரி. இரண்டாம் திட்டத்தில் பணியாற்றியவர் மித்ரா. இரண்டும் ஒரே வேரிலிருந்து பிறந்த சொற்கள். நட்பே இவ்விரு திட்டங்களின் உயிர் என்பதற்குப் பெயர்களே சாட்சி.

வெளிநாட்டு அனுபவங்களுள் ஐஸ்லாந்து நாட்டினுடையது புகழ் பெற்றது. 1998-இல் அங்கு 15, 16 வயதினரில் 42 சதவீதத்தினர் முந்தைய ஒரு மாதத்தில் குடித்து மயங்கியிருந்ததாகக் கூறினர். 2016-இல் அது 5 சதவீதமாகக் குறைந்தது. தினமும் புகைப்போர் 23 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாயினர். பிள்ளைகளுக்கு விளையாட்டு, இசை முதலியவற்றில் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி, அதற்கான கட்டண உதவி, இரவில் வெளியே திரிவதற்கு வயது வரம்பு, பெற்றோர் ஒருவரையொருவர் அறிந்து கூடிச் செயல்படுதல், ஆண்டுதோறும் மாணவரிடம் கணக்கெடுத்து ஊர் ஊராக முடிவை வெளியிடுதல் ஆகியவை அங்கு கைக்கொள்ளப்பட்டன. இது குலுக்கல் முறைச் சோதனை அன்று. நாடு முழுவதும் ஒரே காலத்தில் நடந்த மாற்றம். ஆதலால் எதனால் எவ்வளவு பயன் என்று பிரித்துச் சொல்வது கடினம். என்றாலும் சூழலை மாற்றினால் நடத்தை மாறும் என்பதற்கு இது வலுவான அறிகுறி.

தியானம் பற்றி ஒரு சொல்

'பிள்ளைகளுக்குத் தியானம் கற்பித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்று அன்பர்கள் சிலர் கூறுவதுண்டு. இங்கும் உண்மையை நேர்கொண்டு பார்ப்போம். பிரிட்டனில் 85 பள்ளிகளில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தப்பட்ட பெரியதொரு சோதனையின் முடிவு 2022-இல் வெளிவந்தது. வகுப்பறையில் அனைவருக்கும் மனக்கவனப் பயிற்சி அளித்ததால், வழக்கமான கல்வியைவிட மனநலத்தில் கூடுதல் பயன் எதுவும் காணப்படவில்லை. மாணவர்களில் பெரும்பாலோர் வீட்டில் அதைப் பயிலவே இல்லை.

ஆன்மிக சாதகருக்கு இது வியப்பளிக்க வேண்டியதில்லை. அப்யாசமும் வைராக்கியமும் சேர்ந்தே மனத்தை வசப்படுத்தும் என்பது நம் சாஸ்திரங்களின் முடிவு. நாட்டமில்லாதவரிடம் வகுப்பு நேரத்தில் திணிக்கப்படும் பயிற்சி அப்யாசமாகாது. அந்தச் சோதனை அளந்தது ஒரு குறிப்பிட்ட பாடத்திட்டத்தை. தியானம் முழுவதையும் அன்று. ஆயினும் தியானத்தைத் தடுப்பு ஊசியைப் போல எல்லோருக்கும் ஒரே அளவில் போட்டுவிடலாம் என்னும் எண்ணத்தை நாம் கைவிட வேண்டும். விரும்பி வருவோருக்கு, அவர்கள் மதிக்கும் ஒருவர், தாமும் பயின்றுகொண்டே கற்பிப்பது வேறு; மாணவர் அனைவரையும் கண்மூடச் சொல்வது வேறு.

ஆய்விலிருந்து செயலுக்கு

ஓரிடத்தில் வெற்றி பெற்ற திட்டம் வேறோரிடத்தில் தானே வெற்றி பெறாது. இடையில் கவனிக்க வேண்டியவை சில உள்ளன.

1. அளவு. ஒரு நாள் நிகழ்ச்சியால் ஒரு பழக்கம் அமைவதில்லை. மைத்ரி ஈராண்டு நடந்தது. 'இவ்வாண்டு ஐம்பது பள்ளிகளில் சொற்பொழிவு' என்பதைவிட 'ஐந்து பள்ளிகளில் ஆண்டு முழுவதும் வாரம் ஒரு வகுப்பு' என்பது மேலானது.

2. உயிர்ப்பகுதியைக் காத்தல். மொழி, கதை, பாடல், உதாரணம் ஆகியவற்றை உள்ளூருக்கு ஏற்ப மாற்றலாம்; மாற்றவும் வேண்டும். திட்டத்தின் உயிர்ப்பகுதியை மாற்றலாகாது. சக மாணவர் நடத்த வேண்டியதை, நேரமில்லை என்று பெரியவர் ஒருவர் உரையாக நிகழ்த்திவிட்டால் பெயர் மட்டுமே மிஞ்சும். மொழிபெயர்ப்புக்கும் இது பொருந்தும்: சொல்லை மாற்றலாம், பொருளை இழக்கலாகாது.

3. ஒத்திகை. 'வேண்டாம் என்று சொல்' என்று போதிப்பது எளிது. நண்பர்கள் சிரிக்கும்போது, உறவு முறியாமல், முகம் சுளிக்காமல் எப்படி மறுப்பது என்பதை நடித்துப் பழக வேண்டும். பழகிய சொல்லே நெருக்கடியில் நாவில் வரும்.

4. பெரும்பான்மையின் உண்மை நிலை. 'இன்று எல்லா இளைஞரும் கெட்டுவிட்டனர்' என்று மேடையில் முழங்குவது தவறான பாடத்தைக் கற்பிக்கிறது. 'எல்லோரும் செய்கிறார்கள், நான் மட்டும் ஏன் விலகி நிற்க வேண்டும்?' என்று மாணவன் எண்ணுவான்.

5. வாய்ப்பைக் குறைத்தல். 2003-ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருட்களை விற்பதும், கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜ தூரத்திற்குள் விற்பதும் குற்றம். பள்ளி வாயிலில் உள்ள அந்தக் கடை அகன்றால், அது பல சொற்பொழிவுகளுக்குச் சமம்.

6. அளத்தல். தொடங்குமுன்னும், முடிந்த பின்னும், ஓராண்டு கழித்தும், பெயர் எழுதாத வினாத்தாள் ஒன்றை மாணவர்களிடம் கொடுத்து வாங்கலாம். இயன்றால் திட்டம் நடவாத ஒரு பள்ளியிலும் அதையே செய்யலாம். பயனில்லை என்று தெரிந்தால் மாற்றுவதில் வெட்கமில்லை. கர்மயோகி பலனில் பற்று வைப்பதில்லை. ஆனால் தன் செயல் பிறருக்கு நன்மை தருகிறதா, தீமை தருகிறதா என்று பாராமலிருப்பது பற்றின்மை ஆகாது, அது கவனமின்மை.

நம் மையங்களில்

பெரும் பொருட்செலவின்றி நம் கிளை மையங்கள் செய்யத்தக்கவை பல. மாலை நேரத்தில் திறந்திருக்கும் ஒரு விளையாட்டு மைதானம், ஒரு நூலகம், ஒரு பஜனைக் குழு. அங்கே தினமும் தவறாமல் இருக்கும் ஒரு மூத்த அன்பர். அவர் பேச்சாளராக இருக்க வேண்டியதில்லை. செவி கொடுப்பவராக இருந்தால் போதும். பிள்ளைகளின் பெயரை அறிந்தவராக, ஒரு வாரம் வராதவனை விசாரிப்பவராக அவர் இருக்க வேண்டும்.

துணிவை நாடும் மனத்திற்குத் துணிவுள்ள பணிகளைத் தர வேண்டும். மலையேற்றம், மேடை நாடகம், வெள்ள நிவாரணப் பணி, முதலுதவிப் பயிற்சி, இளைய மாணவருக்குப் பாடம் சொல்லித் தரும் பொறுப்பு ஆகியவை அவர்களது ஆற்றலுக்குச் சவாலாக அமையும். நண்பர்கள் பார்க்கிறார்கள் என்ற உணர்வு இங்கே நன்மைக்கு உரமாகும்.

பெற்றோருக்கும் பணி உண்டு. பிள்ளை எங்கே, யாருடன் இருக்கிறான் என்பதை அன்போடு அறிந்திருப்பது வேவு பார்ப்பதாகாது. அவனுடைய நண்பர்களின் பெற்றோரை அறிந்துகொள்வது, வாரத்தில் சில நாளாவது சேர்ந்து உண்பது, தவறு செய்தாலும் வீட்டிற்கு வந்து உண்மையைச் சொல்லலாம் என்ற நம்பிக்கையை அளிப்பது ஆகியவை அவனுக்குக் கவசமாகும். ஏற்கெனவே போதைக்கு அடிமையான பிள்ளையை உபதேசத்தால் மட்டும் மீட்க முயலாமல், தயக்கமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அது நோய், அவமானம் அன்று.

தேரோட்டி முதிரும் வரை யாரேனும் ஒருவர் தேரில் உடன் அமர்ந்திருக்க வேண்டும். கடிவாளத்தைப் பிடுங்காமலும், இறங்கிச் சென்றுவிடாமலும் அமர்ந்திருக்க வேண்டும். அத்தகைய ஒருவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்கச் செய்வதே தடுப்புப் பணியின் சாரம்.

சிந்தனைக்கு

1. நம் மையத்தின் இளைஞர் நிகழ்ச்சிகளில் எவை ஒரே நாளில் முடிபவை? எவை ஆண்டு முழுவதும் தொடர்பவை?

2. நம் நிகழ்ச்சி பயன் தந்தது என்பதற்குப் பாராட்டுரைகளைத் தவிர வேறு என்ன சான்று நம்மிடம் உள்ளது?

3. நம் பகுதியில் மாலை நான்கு முதல் ஏழு மணி வரை பிள்ளைகள் செல்லத்தக்க நல்ல இடம் எது? இல்லையெனில் அதை அமைக்க நம்மில் யார் முன்வருவார்?

4. நம் மையத்திற்கு வரும் ஓர் இளைஞன் தன் தவறை அஞ்சாமல் சொல்லக்கூடிய ஒருவர் இங்கே இருக்கிறாரா? அவர் யார்?